பிழையும் பிழைப்பும்

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்னும் பழமொழியை வகுப்பில் சொல்லும்பொழுதெல்லாம் மாணவர் சிரிப்பர். 'பேரை' என்பது திரிபு. 'வேரை' என்பதே முந்தைய வடிவம். ஆயிரம் மூலிகை வேர்களைக் கொன்று, அதாவது இடித்தும் வதக்கியும் பக்குவம் செய்து பழகியவனே பாதி வைத்தியன் ஆவான் என்பதே கருத்து என அறிஞர் விளக்குவர். இவ்விளக்கத்தையும் யாம் ஆண்டுதோறும் சொல்லி வந்தோம். ஆயின் 2016ஆம் ஆண்டுக்குப் பின்னர் அப்பழமொழியை வகுப்பில் எடுத்துரைக்க எமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தை இம்மலரில் எழுதுதல் தகுமோ என நெடுநாள் தயங்கினோம். எழுதுவதே நன்று என்று இப்பொழுது தோன்றுகின்றது.

அவ்வாண்டு மழைக்காலத்தில் எம் வாப்பாவுக்குக் குடலிறக்க அறுவை மருத்துவம் நடந்தது. அப்பொழுது அவர்களுக்கு அகவை 71. ஜவுளிக்கடையைக் காக்காவிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழுகையும் செய்தித்தாளும் பேரப்பிள்ளைகளுமாக நாளைக் கழித்துவந்தார்கள். அறுவை செய்த மருத்துவர் எம் குடும்பத்தை இருபது ஆண்டுகளாக அறிந்தவர். ஏழைகளிடம் கட்டணம் கேட்டு வாங்காதவர் என்று ஊரில் பெயர் பெற்றவர். பெனிசிலின் வகை ஊசி வாப்பாவுக்கு ஒவ்வாது என்பதை மருத்துவமனையில் சேர்க்கும்பொழுதே எம் ராத்தா தெரிவித்தார். பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக் காட்டினார். அறுவை நன்முறையில் முடிந்தது. அன்றிரவு இரண்டு மணியளவில் ஓர் ஊசி போடப்பட்டது. சில நிமிடங்களுக்குள் மூச்சுத் திணறிற்று, முகம் வீங்கிற்று. விடிவதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெருநகர மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். ஒன்பது நாள் செயற்கைச் சுவாசம். பத்தாம் நாள் பஜ்ரு நேரத்தில் வாப்பா வஃபாத்தானார்கள். மருத்துவச் செலவு மூன்று லட்ச ரூபாயைக் கடந்திருந்தது. உம்மாவின் கைவளையல்கள் நான்கும் அதில் போயின.

அன்றிரவு அத்தளத்தில் முப்பது படுக்கைகளுக்கு ஒரே செவிலி இருந்தார். இருபது வயது இருக்கலாம். பகற்பணியையும் முடித்துவிட்டு இரவுப் பணிக்கும் நிறுத்தப்பட்டவர். சுவரோரம் நின்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் அழுததை யாம் கண்டோம். மருத்துவர் வந்தார், நாடி பார்த்தார், ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்தார், தம் மருத்துவமனைக்குரிய கட்டணத்தில் பாதியைத் தாமாகவே குறைத்தும் விட்டார். ஆயின் நடந்தது இன்னது என்று ஒரு சொல் சொன்னாரில்லை. ஜனாஸாவுக்கும் வந்தாரில்லை.

நாற்பது நாள் கழிந்த பின்னர் வீட்டில் வழக்குப் பேச்சு எழுந்தது. "தம்பி, நம்ம வாப்பா உசிருக்கு யாருமே பதில் சொல்ல வேணாமா?" என்று ராத்தா கேட்டார். "கேஸ் போட்டா அவங்க திரும்பி வந்துருவாங்களா?" என்றார் உம்மா. கடைத்தெருவில் அனைவரோடும் பழக வேண்டிய காக்காவோ வாய் திறவாதிருந்தார். இறுதியில் மூவரும் எம் முகத்தையே நோக்கினர். படித்தவன் என்னும் பெயர் எத்துணைச் சுமையானது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

யாம் ஒரு வழக்கறிஞரை நாடினோம். அவர் பொறுமையாகச் சட்டத்தை விளக்கினார். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மருத்துவமும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் தீர்ப்பளித்ததைக் கூறினார். இந்திய மருத்துவச் சங்கமே வழக்காடித் தோற்ற வழக்கு அது. அனைவருக்கும் இலவசமாகவே மருத்துவம் செய்யும் இடங்கள் மட்டும் அச்சட்டத்துக்குப் புறத்தே நிற்கும். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவரைக் குற்றவியல் சட்டத்தின்கீழ்த் தண்டிக்க வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கொடியதாக இருத்தல் வேண்டும் என்றும், மற்றொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தைப் பெறாமல் வழக்கை நடத்தலாகாது என்றும் அந்நீதிமன்றமே வரையறுத்தது. ஒருபுறம் நோயாளிக்குக் கதவு திறந்தது. மறுபுறம் மருத்துவருக்குக் கவசமும் கிடைத்தது. இரண்டும் வேண்டுவனவே.

"உங்க வாப்பாவுக்கு மாத வருமானம் எவ்வளவு?" என்று வழக்கறிஞர் கேட்டார். கடையை மகனிடம் விட்டுவிட்டார்கள் என்றோம். அவர் பேனாவை மூடி வைத்தார். "தொகை பெருசா வராது, சார். நிபுணர் கருத்து வேணும். உள்ளூர் டாக்டர் யாரும் எழுதித் தரமாட்டாங்க. கடைசியில அந்த நர்ஸ் பொண்ணு தலையிலதான் பழி விடியும்" என்றார். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்பேட்டின் படி தரப்பட வேண்டும் என்பது மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. எமக்கு அது கிடைக்க ஐந்து கிழமை ஆயிற்று. அவ்விரவுக்குரிய பக்கத்தில் இரண்டே வரிகள் இருந்தன.

எம் மாமு மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் மருத்துவராக இருக்கின்றார். தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர், "மச்சான், இங்கே இது நடந்திருந்தா பெரிய கேஸ் ஆயிருக்கும். ஆனா எங்க மாநிலத்துல அதுக்கும் ஒரு பூட்டுப் போட்டு வச்சிருக்காங்க" என்றார். அப்பூட்டு யாது என்று அறியும் ஆவலால் பல மாதம் படித்தோம். தமிழாசிரியனுக்கு ஏன் இந்த வேலை என்று நண்பர் நகைத்தனர். துயரம் ஒருவனை எந்த நூலகத்துக்கும் அழைத்துச் செல்லும் என்பதே எம் மறுமொழி.

ஒருவர் செய்த ஊறுக்கு மற்றவர் ஈட்டுத்தொகை கோரும் சட்டத்தைத் தீங்கியல் சட்டம் என்பர். அமெரிக்காவில் அச்சட்டத்துக்கு வரம்பு கட்ட வேண்டும் என்னும் இயக்கம் அரை நூற்றாண்டாக நடந்துவருகின்றது. 1970களில் மருத்துவர் செலுத்தும் காப்பீட்டுக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது; கலிபோர்னியாவில் மருத்துவர் சிலர் பணிநிறுத்தமும் செய்தனர். அதன் விளைவாக அம்மாநிலம் 1975இல் ஒரு சட்டம் இயற்றிற்று. மருத்துவச் செலவு, ஊதிய இழப்பு ஆகியவற்றுக்கு உச்சவரம்பு இல்லை. ஆயின் வலி, துயரம், உறவின் இழப்பு ஆகியவற்றுக்கு 2,50,000 டாலருக்கு மேல் வழங்கலாகாது என்பதே அதன் சாரம். டெக்சாஸ் 2003இல் மருத்துவர்களுக்கு அதே தொகையை வரம்பாக்கிற்று. எம் மைத்துனர் சொன்ன பூட்டு இதுவே.

மேலோட்டமாக நோக்கினால் இது நடுநிலையான ஏற்பாடாகவே தோன்றும். சற்றே ஆழ்ந்து சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். ஊதியம் பெறுபவன் இறந்தால் ஊதிய இழப்பு என்று கணக்கிட ஒரு தொகை உண்டு. குழந்தை இறந்தாலோ, வீட்டைக் காக்கும் பெண் இறந்தாலோ, உழைத்து ஓய்ந்த முதியவர் இறந்தாலோ கணக்கிடத் தக்கது துயரம் ஒன்றே. வரம்பு வந்து விழுவது அத்துயரத்தின் மேல்தான். டெக்சாஸ் சட்டமும் எம் ஊர் வழக்கறிஞரின் மூடிய பேனாவும் ஒரே வினாவைத்தான் கேட்டன: உங்கள் வாப்பாவின் மாத வருமானம் என்ன?

கலிபோர்னியா வகுத்த 2,50,000 டாலர் நாற்பத்தேழு ஆண்டுகள் மாறவே இல்லை. அக்காலத்துள் அதன் வாங்கும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சென்றுவிட்டது. 2014இல் அதனை உயர்த்தும் முன்மொழிவை வாக்காளரே தோற்கடித்தனர். 2022இல் இரு தரப்பாரும் உடன்பட்டு, 2023 முதல் உயிருடன் உள்ளோர்க்கு 3,50,000 டாலர், இறப்பு நேர்ந்தால் 5,00,000 டாலர் என்றும், பத்தாண்டுகளில் அவை முறையே 7,50,000, 10,00,000 என்று உயரும் என்றும் திருத்தம் செய்தனர். ஜார்ஜியா, இல்லினாய் ஆகிய மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்கள் 2010இல் இத்தகைய வரம்புகள் தத்தம் மாநில அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீக்கிவிட்டன.

வரம்பு வேண்டும் என்போர் கூறும் தலையாய காரணம் மருத்துவச் செலவாகும். வழக்குக்கு அஞ்சும் மருத்துவர் தேவையற்ற சோதனைகளை எழுதுகின்றனர்; அச்செலவு நோயாளியின் தலையில் விழுகின்றது என்பர். இதனைத் தற்காப்பு மருத்துவம் எனலாம். இதில் உண்மை உண்டு. எம் மைத்துனரே, "சில ஸ்கேன் நோயாளிக்காக எழுதுறதில்ல, மச்சான், வக்கீலுக்காக எழுதுறது" என்று ஒப்புக்கொண்டார். ஆயின் அதன் அளவு எவ்வளவு? 2010இல் வெளியான ஓர் ஆய்வு, வழக்கு, காப்பீடு, தற்காப்புச் சோதனை ஆகிய அனைத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 5,560 கோடி டாலர் என மதிப்பிட்டது. பெருந்தொகைதான். ஆயினும் அந்நாட்டு மொத்த மருத்துவச் செலவில் அது 2.4 விழுக்காடே. வரம்பு முதலிய சீர்திருத்தங்களை நாடு முழுதும் கொண்டுவந்தால் மொத்தச் செலவு ஏறத்தாழ அரை விழுக்காடு குறையும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவு செலவு ஆய்வு அலுவலகம் 2009இல் கணக்கிட்டது. டெக்சாஸில் வரம்பு வந்த பின்னர் வழக்குகள் பெரிதும் குறைந்தன. காப்பீட்டுக் கட்டணமும் குறைந்தது. ஆயின் முதியோர்க்கான அரசு மருத்துவத் திட்டத்தின் செலவு அதனால் குறைந்தது என்பதற்கு ஆய்வாளர் சான்று கண்டாரில்லர்.

மற்றொரு பக்கமும் உண்டு. நியூயார்க் மாநில மருத்துவமனைகளில் 1984ஆம் ஆண்டுக்குரிய முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிக் குறிப்பேடுகளை ஹார்வர்டு அறிஞர் ஆராய்ந்து 1991இல் முடிவுகளை வெளியிட்டனர். சேர்க்கப்பட்டோருள் 3.7 விழுக்காட்டினர்க்கு மருத்துவத்தாலேயே ஊறு நேர்ந்திருந்தது. அவற்றுள் கால் பங்குக்கு மேற்பட்டவை கவனக்குறைவால் நேர்ந்தவை. அவ்வாறு கவனக்குறைவால் ஊறுபட்டவருள் நூற்றுக்கு இருவர்கூட வழக்குத் தொடரவில்லை. தொடரப்பட்ட வழக்குகளுள்ளோ கவனக்குறைவு காணப்படாதவையும் பலவாக இருந்தன. ஊறுபட்டவன் வாளாவிருக்கின்றான், ஊறு செய்யாதவனும் வழக்கு மன்றத்தில் நிற்கின்றான். வழக்கு என்னும் தராசு இரு தட்டிலும் பிழைபடுகின்றது என்பதே இதனால் பெறப்படுவது.

நம் நாட்டு நிலையையும் ஈண்டு ஒப்பு நோக்குதல் தகும். இங்கே உச்சவரம்பு இல்லை. மருந்தின் ஒவ்வாமையால் 1998இல் தோல் நோயுற்று, தவறான மருத்துவத்தால் இறந்த அனுராதா சாஹாவின் கணவர் குணால் சாஹா பதினைந்து ஆண்டுகள் வழக்காடினார். 2013இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் வழங்கிற்று. அவரும் ஒரு மருத்துவர் என்பதும், அமெரிக்காவில் வாழ்ந்தவர் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கவை. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை ஒன்றுக்கு உரிய காலத்தில் கண் சோதனை செய்யப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் எதிர்கால மருத்துவத்துக்கு 1 கோடியே 38 லட்ச ரூபாயும் கடந்த காலச் செலவுக்கு 42 லட்சத்துக்கு மேலும் வழங்கிற்று. வருங்கால விலைவாசி உயர்வையும் நீதிபதிகள் கணக்கிற் கொண்டனர். கலிபோர்னியா நாற்பத்தேழு ஆண்டுகள் எண்ணிப் பாராததை நம் நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் எண்ணிப் பார்த்தது. பெருமைக்குரியதே. ஆயின் அக்குழந்தை பத்தொன்பதாம் அகவையை எட்டும் வேளையில்தான் அந்நீதி வந்தது.

இஸ்லாமியச் சட்ட மரபும் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து ஊறு விளைத்தால் அவரே ஈடு செய்யப் பொறுப்பாளி என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் உண்டு. கற்றுத் தேர்ந்தவர் நோயாளியின் இசைவோடு வரம்பு மீறாது மருத்துவம் செய்து, அதன் பின்னும் உயிர் பிரிந்தால் அவர்மேல் பொறுப்பில்லை என்று சட்ட அறிஞர் வகுத்தனர். விளைவு வேறு, தவறு வேறு என்னும் இந்நுண்மையைத்தான் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பும் வேறு சொற்களில் பேசுகின்றது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். இக்காலத்தில் ஐந்தாவதாக வழக்கறிஞரும் ஆறாவதாகக் காப்பீட்டு நிறுவனமும் வந்து சேர்ந்துள்ளனர். இவ்விருவரைப் பற்றியே உலகம் வாதிடுகின்றது. எம் வாப்பாவின் உயிர் போனதோ நான்காம் கூற்றில். முப்பது படுக்கைக்கு ஒரு செவிலி, அவரும் உறங்காதவர். அச்செவிலியைத் தண்டித்தால் மறுநாள் இரவு அவ்விடத்தில் மற்றொரு செவிலி உறங்காது நின்றிருப்பார். ஈட்டுத்தொகையைக் குறைத்தாலும் கூட்டினாலும் அந்த முப்பது முப்பதாகவே இருக்கும், யாரேனும் கேட்டாலன்றி.

அவ்வாறாயின் வழக்குத் தொடர்ந்திருக்க வேண்டுமோ? இவ்வினாவுக்கு யாம் இன்றளவும் தெளிந்த விடை காணவில்லை. நிகழ்ந்ததை மட்டும் மறையாது சொல்லுகின்றோம். வழக்குத் தொடரச் சட்டம் தந்த கெடு இரண்டு ஆண்டு. படித்தோம், கலந்து பேசினோம், தேர்வுத்தாள் திருத்தினோம், உம்மாவின் உடல்நலம் நோக்கினோம். இரண்டு ஆண்டு கழிந்தது. 'யாம் பொறுத்துக்கொண்டோம், இது சபூர்' என்று உறவினரிடம் சொன்னோம். அது சபூர் அன்று. அயர்ச்சியும் அச்சமுமே என்பதை அறிந்த ஒருவர் உளர். அவர் எம் ராத்தா. அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்தாரில்லை. கெடு முடிந்த நாளன்று அந்தப் பழைய மருந்துச் சீட்டை எம் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்க, தம்பி" என்றார். அவ்வளவே.

மருத்துவர் ஏன் பேசவில்லை என்பதைப் பின்னரே ஒருவாறு ஊகித்தோம். பேசினால் அதுவே ஒப்புதல் ஆகிவிடும் என்னும் அச்சம் அத்தொழில் முழுதும் பரவியுள்ளது. இவ்வச்சத்தைக் களைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986இல் ஒரு சட்டம் செய்தது. விபத்தில் ஊறுபட்டவரிடம் வருத்தம் தெரிவித்தால் அவ்வருத்தத்தைக் குற்றத்தின் சான்றாக நீதிமன்றத்தில் காட்டலாகாது என்பது அதன் கருத்து. பின்னர்ப் பல மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் ஒரு படி மேலே சென்றது. தவறு நேர்ந்தால் தாமே முன்வந்து சொல்லுவது, தவறு தம்முடையதாயின் தாமே ஈடு தருவது, தவறில்லையாயின் உறுதியாக வழக்காடுவது என்னும் முறையை மேற்கொண்டது. உண்மையைச் சொன்னால் வழக்குகள் பெருகும் என்று பலர் அஞ்சினர். மாறாக, புதிய கோரிக்கைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன என 2010இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நியூசிலாந்து நாடோ 1974 முதல் யார் தவறு என்னும் விசாரணைக்கே இடமின்றி ஊறுபட்டவர்க்கு அரசு நிதியிலிருந்து ஈடு வழங்குகின்றது.

இவற்றைப் படித்த இரவில் யாம் உறங்கவில்லை. எமக்கு வேண்டியிருந்தது பணமா? வளையல்களைப் பின்னர் மீட்டிருக்கலாம். எமக்கு வேண்டியிருந்தது, "நான் எழுதி வைத்தேன், அது இரவுப் பணியாளரிடம் சென்று சேரவில்லை, இனி இவ்வாறு நேராதபடி இதனைச் செய்திருக்கின்றேன்" என்னும் இரண்டு வாக்கியம். அவ்விரு வாக்கியம் கிடைத்திருந்தால் ராத்தா அந்தச் சீட்டை இரண்டாண்டு தலையணைக்கடியில் வைத்திருக்கமாட்டார்.

காலம் ஒரு வியப்பைச் செய்தது. அந்த ராத்தாவின் மகள் 2021ஆம் ஆண்டு சேர்க்கையில் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றாள். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், மருத்துவம் செய்கையில் கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் பதிவு பெற்ற மருத்துவருக்கு ஈராண்டு வரை சிறை என்று இருப்பதைப் பத்திரிகையில் படித்துவிட்டு ராத்தா எம்மை அழைத்தார். "தம்பி, பிள்ளைக்கு இப்பவே இன்சூரன்ஸ் எடுத்து வைக்கலாமா? நாளைக்கு எவனாவது கேஸ் போட்டுட்டா?" என்றார். சொன்ன மாத்திரத்தில் அவரே மௌனமானார். யாமும் மௌனமானோம். தொலைபேசியின் இரு முனையிலும் வாப்பாவின் நினைவே நின்றது.

விடுமுறைக்கு வந்த மருமகளிடம் அந்தச் சீட்டைக் கொடுத்தோம். நன்னாவின் பெயரும், அதன்கீழ்ச் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட மருந்தின் பெயரும் மங்கிப்போயிருந்தன. அவள் அதனைத் தன் பாடநூலுக்குள் வைத்துக்கொண்டாள். "மாமா, நான் தப்புப் பண்ணினா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். "அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு, தாயே. வழக்கு வந்தால் வரட்டும்" என்றோம். இருபது ஆண்டுக் காலம் தமிழ் கற்பித்த நாம் ஒரு பிள்ளைக்குச் சொன்னவற்றுள் இதனினும் பொருளுடைய சொல் வேறு உண்டோ என்பதை அறியோம்.

மாணவச் செல்வங்களே! 'பிழைத்தல்' என்னும் சொல்லுக்கு நிகண்டும் அகராதியும் தரும் பொருள்கள் பல. தவறு செய்தல் என்பதும் பிழைத்தல். சாவிலிருந்து தப்பி உயிர் வாழ்தல் என்பதும் பிழைத்தல். அதிலிருந்தே வயிற்றுக்கான தொழிலைப் 'பிழைப்பு' என்கின்றோம். இவை வேறு வேறு பொருள் என்றுதான் யாமும் இருபது ஆண்டு சொல்லிக்கொடுத்தோம். மருத்துவமனை வராந்தாவில் ஒன்பது இரவு நின்ற பின்னர், ஒரே சொல்லுக்குள் இவை ஏன் வந்து கூடின என்பது எமக்கு விளங்கிற்று. மருத்துவரின் பிழைப்பு நோயாளியைப் பிழைக்க வைப்பது. அவரும் மனிதராதலின் ஒருகால் பிழைப்பார். பிழைத்ததைப் பிழைத்தேன் என்று சொல்லும் நாவை அவருக்குச் சட்டமும் சமூகமும் சேர்ந்து தர வேண்டும். அந்நாவுக்கு விலை வைக்கும் சட்டம் எந்நாட்டில் எழுதப்பட்டாலும் அது நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஒருங்கே தீங்காம்.

இவ்வாண்டு முதல் அப்பழமொழியை வகுப்பில் மீண்டும் சொல்லத் தொடங்கியுள்ளோம். 'வேரை' என்றே சொல்லுகின்றோம். 'பேரை' என்று எந்த மாணவராவது சொன்னால் இப்பொழுது சிரிப்பதில்லை. திருத்துவதற்கு முன் ஒரு கணம் நிற்கின்றோம்.